மன்றுக்கு வாராமை: ஆங்கிலச் சட்டமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பிணையில் விடப்பட்ட ஒருவன் குறித்த தவணையில் மன்றுக்குச் சமுகமளியாவிடின் அது தனியொரு குற்றம் என்பது இன்று இயல்பான விதியாகவே தோன்றுகின்றது. ஆயின் இங்கிலாந்தில் அது பொதுவான சட்டவிதியாக இடம்பெற்றது 1976ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னர் வாராமை பொறுத்துக்கொள்ளப்பட்டது என்று கொள்ளலாகாது. வாராதவன் முதலிலே சட்டத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டான், பின்னர்க் கடனாளியாகக் கருதப்பட்டான், ஈற்றிலேயே குற்றவாளியானான்.

மத்திய காலத்து இங்கிலாந்தில் ஓடியவனைத் தேடிப்பிடிக்கப் பொலிஸ் படை இருக்கவில்லை. ஆகவே பொறுப்பு ஊரவர்மீது சுமத்தப்பட்டது. பத்துப்பேர் அளவில் அமைந்த குழுக்களிற் குடியானவர் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் ஓடினால் ஏனையோர் தண்டம் இறுத்தனர். ஓடியவனின் பெயர் தொடர்ச்சியாக ஐந்து கவுண்டி மன்றுகளிற் கூவப்படும். ஐந்தாவது மன்றிலும் அவன் தோன்றாவிடின் சட்டத்துக்குப் புறம்பானவன் எனப் பிரகடனம் செய்யப்படுவான். அவனது பொருட்கள் அரசனைச் சேரும். பாரிய குற்றமாயின் நிலமும் அவனை விட்டு நீங்கும். அத்தகையோன் ஓநாயின் தலையைச் சுமப்பவன் எனப்பட்டான். ஆதியில் அவனைக் கண்ட எவனும் கொல்லலாம் என்றிருந்து, பிற்காலத்தில் அவ்வுரிமை ஒடுக்கப்பட்டது. பெண்கள் மேற்கூறிய குழுக்களிற் சேர்க்கப்படாமையால் அவர்களைப் புறம்பாக்க இயலாது என வாதிட்ட சட்ட அறிஞர், ஓடிய பெண்ணைக் ‘கைவிடப்பட்டவள்’ என்றனர். பெயர் மாறிற்றேயன்றி விளைவு மாறவில்லை.

இதன் கொடுமை யாதெனின், பாரிய குற்றச்சாட்டிற் புறம்பாக்கப்பட்டவன் அக்குற்றத்தைச் செய்தவனாகவே கொள்ளப்பட்டான் என்பதாகும். சாட்சி விசாரிக்கப்படவில்லை; வாராமையே சான்றாயிற்று. இத்துணைக் கடுமையான முறையை நீதிபதிகளும் அஞ்சியே கையாண்டனர் போலும். பத்திரத்திற் சிறு வழு காணப்படினும் பிரகடனத்தைத் தள்ளிவிடும் வழக்கம் வளர்ந்தது.

ஜோன் வில்க்ஸின் வழக்கு இதற்குத் தக்க சான்று. 1763இல் ‘நோர்த் பிரிட்டன்’ இதழின் 45ஆம் இலக்கத்தில் அரசரின் உரையைத் தாக்கி எழுதிய அவர், அவ்வாண்டின் முடிவிற் பாரிஸ் நகருக்குச் சென்றார். 1764இல் அவர் இல்லாதபோதே அவதூறுக் குற்றவாளியாகக் காணப்பட்டார். தீர்ப்பைப் பெற வராமையால் அவ்வாண்டு நவம்பரிற் புறம்பாக்கப்பட்டார். 1768இல் திரும்பிய அவரை மிடில்செக்ஸ் வாக்காளர் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தனர். அவர் சிறையிலிருந்த வேளையில், மே 10ஆம் திகதி, சென் ஜோர்ஜ் வெளியிற் கூடிய மக்கள்மீது படையினர் சுட்டனர். ஜூன் மாதத்தில் மான்ஸ்பீல்ட் பிரபு புறம்பாக்கற் பிரகடனத்தை நீக்கினார். அவர் காட்டிய காரணம், கவுண்டி மன்று மிடில்செக்ஸ் கவுண்டிக்குரியது என்பதைக் காட்டும் சொற்கள் பத்திரத்தில் விடுபட்டிருந்தன என்பதே! எனினும் மூலக் குற்றங்களுக்காக வில்க்ஸ் 22 மாதச் சிறையும் 1,000 பவுண் அபராதமும் பெற்றார். ஓடியமைக்கெனத் தனித் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை.

இதற்கு இணையாக வேறொரு முறையும் நிலவியது. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் எவரைப் பிணையில் விடலாம், எவரை விடலாகாது என வகுத்தது. காலப்போக்கிற் பிணைமுறி என்பது அரசனுக்குப் பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரமாயிற்று. எதிரி மன்றுக்கு வந்தாற் கடன் இல்லை. வராவிடிற் பணம் அறவிடப்படும். மிதமிஞ்சிய பிணை கேட்கலாகாது என 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் விதித்ததாயினும், பணத்தின் அடிப்படை மாறவில்லை. செல்வனுக்கு வாராமை ஒரு விலையாயிற்று; வறியவனோ விசாரணைக்கு முன்னரே சிறையிருந்தான். புறம்பாக்கல் வழக்கொழிந்து, குற்றவியல் வழக்குகளில் 1938இற் சட்டப்படியும் நீக்கப்பட்டபின் பணமே பிரதான பிடியாக எஞ்சியது.

அப்பிடியின் தளர்ச்சி, இதே மரபைப் பெற்ற ஐக்கிய அமெரிக்காவில் வெளிப்பட்டது. அரசைக் கவிழ்க்கவேண்டுமெனப் போதிக்கச் சதிசெய்தனர் எனத் தண்டிக்கப்பட்ட பதினொரு பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களுள் நால்வர் 1951 ஜூலையிற் சரணடையாது மறைந்தனர். ஆளுக்கு 20,000 டொலர் பிணைப்பணம் பறிமுதலாயிற்று. அப்பணத்தை வழங்கியது ஒரு பொது நிதியம். ஆகவே இழப்பு ஓடியவர்களின் பையைத் தாக்கவில்லை. நிதியத்தின் பொறுப்பாளருள் ஒருவரான நாவலாசிரியர் டஷில் ஹமெட், நன்கொடையாளரின் பெயர்களைக் கூற மறுத்து, தாம் ஓடாமலே சிறை சென்றார். 1954இல் அமெரிக்கக் காங்கிரஸ் பிணையை மீறி மறைதலைத் தனிக் குற்றமாக்கிற்று. பாரிய குற்றமாயின் ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அச்சட்டம் இடமளித்தது. நால்வருள் 1956இற் சரணடைந்த இருவருக்கு இப்புதுச் சட்டம் பொருந்தாமையால், மன்றை அவமதித்தமைக்காக மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1958இல் உயர் நீதிமன்று அதனை ஏற்றது.

இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் பிறிதொரு நோக்குடன் எழுந்தது. வறியவர் தேவையின்றி விளக்கமறியலில் வாடாதிருக்கப் பிணை வழங்குவதையே பொது விதியாக்கி, எதிரியிடம் அவனது சொந்தப் பணமுறி பெறுவதை அது ஒழித்தது. அயலார் பிணைநிற்றல் தொடர்ந்தது. பணம் நீங்கிய இடத்தைத் தண்டனை நிரப்பியது: நீதவான் மன்றில் மூன்று மாதமும் கிரவுண் நீதிமன்றிற் பன்னிரண்டு மாதமும் வரை சிறை. வறியவன் பெற்ற விடுதலைக்கு இதுவே விலை எனலாம். அவ்விலை நியாயமானதே என்று தோன்றுகின்றது. மூலக் குற்றச்சாட்டைத் தொடாது, வாராமையை மட்டும் அளந்து தண்டிப்பது ஓநாய்த் தலையிலும் மேலானதன்றோ?

எனினும் அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு கவனத்துக்குரியது. வாராமைக்கு நியாயமான காரணம் இருந்தது என நிரூபிக்கும் சுமை எதிரியையே சாரும். காரணம் இருப்பினும், அது நீங்கியதும் இயன்ற விரைவிற் சரணடையாவிட்டால் அதுவும் குற்றமே. பிணைத் தீர்மானத்தின் பிரதி அவனுக்குக் கொடுக்கப்படாமை ஒரு நியாயமான காரணமாகக் கொள்ளப்படமாட்டாது எனவும் அப்பிரிவு வெளிப்படையாகக் கூறுகின்றது. பத்திரத்தில் விடுபட்ட சில சொற்களே வில்க்ஸின் புறம்பாக்கலை நீக்கின. இங்கோ பத்திரமே கைக்கு எட்டாதவனுக்கும் அது தப்பும் வழியாகாது.