திரிபும் எதிர்ப்பாற்றலும்

1957ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் கிருமியின் மாதிரியொன்று, தன் அறிவியல் பெயரிலேயே சிங்கப்பூரைத் தாங்கி நிற்கிறது. எதிர்ப்பொருள்கள் அடையாளங்காணும் மேற்புறப் புரதங்கள் இரண்டும் பறவைக் கிருமியிலிருந்து வந்து சேர்ந்தமையால், மக்கள் முன்னர்ப் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் அதனைத் தடுக்கவில்லை. 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 1968இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்ட வகையிலோ அவற்றுள் ஒரு புரதமே மாறியிருந்தது. மாறாத மற்றொன்றை முன்பே அறிந்திருந்த உடல்களுக்கு ஓரளவு காப்புக் கிட்டியது.

இவை பெருமாற்றங்கள். இடையறாது நிகழ்வன சிறு திரிபுகள். நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றும் மரபணு எழுத்துகளிலும் நிகழ்கின்றன. புணர்ச்சியில் திரிந்த சொல்லை நாம் எளிதில் இனங்காண்கிறோம். எதிர்ப்பொருளோ ஓரெழுத்துத் திரிபிலேயே பகையைத் தவறவிடக்கூடும். ஆதலின், சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுவதன் காரணத்தை மாணவர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.