தன்ராஜ் மாஸ்டரும் பியானோ மாணவர்களின் கேள்வி ஞானமும்

சென்னை மயிலாப்பூரில் மேற்கத்திய செவ்வியல் இசையைக் கற்பித்தவர் தன்ராஜ் மாஸ்டர். இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் இருவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். தமிழ்த் திரையிசையின் போக்கை மாற்றிய இந்த இருவரின் வரலாற்றிலிருந்து, இன்று பியானோ கற்கும் மாணவர் எதைக் கேட்கலாம், எப்படிப் பயிலலாம் என்பதை அறிய முடிகிறது.

காதால் கற்றதும் ஏட்டில் கற்றதும்

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, இளம் வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார். அக்காலத்தில் அவருக்கு இருந்தது கேள்வி ஞானம். 1968-இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் அங்கே கற்றார். ஒரே நேரத்தில் ஒலிக்கும் மெட்டுகளைப் பொருத்தி அமைக்கும் ‘கவுண்டர்பாயிண்ட்’ முறையும் அப்பயிற்சியில் அடங்கும். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

புதிய கல்வி பழைய கேள்வி ஞானத்தை அழிக்கவில்லை. காதில் கேட்டதைத் தாளில் எழுதவும், தாளில் உள்ளதை மனத்திற்குள் கேட்கவும் அது கைகொடுத்தது. பிற்காலத்தில் இளையராஜா எந்தக் கருவியையும் தொடாமல் ஒவ்வொரு கலைஞருக்குமான இசைக்குறிப்பை நேரடியாக எழுதித் தந்ததற்கு இந்தப் பயிற்சியே அடிப்படை.

இசையமைப்பாளர் ஆர்.கே. சேகரின் மகனான ரகுமான், ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சிறுவயதில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற அவர், 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார்.

பாக் எழுதிய பாடநூல்கள்

ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750) தாமும் ஓர் ஆசிரியர். 1723-இல் அவர் ‘இன்வென்ஷன்’ எனப்படும் சிறு பயிற்சிகளை நேர்த்தியாகப் படியெடுத்துத் தொகுத்தார். இரண்டு குரல்களில் 15, மூன்று குரல்களில் 15 என மொத்தம் 30 பயிற்சிகள் அதில் உள்ளன. இரண்டு கைகளும் தெளிவாக வாசிக்க வேண்டும், பாடுவதுபோல வாசிக்க வேண்டும், இசையமைப்பின் சுவையையும் மாணவர் அறிய வேண்டும் என்பவையே அதன் நோக்கங்கள் என்று முகப்பில் எழுதினார்.

முதல் இன்வென்ஷன் 22 தாளக்கட்டுகள் மட்டுமே கொண்டது. வலக்கை ஒரு சிறு மெட்டைத் தொடங்குகிறது. அரைக்கட்டு கழித்து இடக்கை அதையே ஒரு ஸ்தாயி கீழே சொல்கிறது. இதில் இடக்கை வெறும் துணைக்கு இருப்பதில்லை. இரண்டு கைகளும் சமமாக உரையாடுகின்றன.

கேட்க வேண்டியவை

முதலில் இந்த இன்வென்ஷனைக் கேட்கலாம். அடுத்து ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் ‘என் கண்மணி’ பாடல். இரண்டு குரல்வரிகள் பின்னிச் செல்லும் அப்பாடல், கவுண்டர்பாயிண்ட் முறைக்குத் தமிழில் எளிதில் கிடைக்கும் சான்று. மூன்றாவதாக 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு. இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒரு பகுதி, பாக் தனி வயலினுக்கு எழுதிய முன்னிசையைத் தளமாகக் கொண்டது.

ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பது நல்லது. முதல் முறை மேல்வரியை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டாம் முறை கீழ்வரியை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வாசிக்கும்போது ஒரு வரியைக் கையால் வாசித்து மற்றதை வாயால் பாடிப் பார்த்தால், கேட்டது மனத்தில் பதிந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.

சிற்றூர் மாணவருக்கு

டிரினிட்டி நிறுவனம் 1877 முதல் இசைத் தேர்வுகளை நடத்தி வருகிறது. இன்று எட்டு நிலைகள் உள்ளன. தேர்வுக்கான சில உருப்படிகளை மட்டும் மனப்பாடம் செய்து அடுத்த நிலைக்குப் போய்விட முடியும். ஆனால் அப்படித் தேறியவர், புதிய இசைக்குறிப்பைக் கண்டால் திகைத்து நிற்பார். கேட்ட பாட்டை எழுதச் சொன்னாலும் தடுமாறுவார்.

வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் வீட்டில் பியானோ இருப்பது அரிது. பியானோவில் 88 கட்டைகள் உண்டு. வழக்கமான கீபோர்டில் 61 இருக்கும். இது பெரிய தடையல்ல. பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதி (1722) முழுவதும் நான்கு ஸ்தாயிக்குள் அடங்குகிறது. 61 கட்டைகளில் ஐந்து ஸ்தாயி உண்டு. விரலழுத்தத்தின் நுட்பம் முழுதாகக் கிடைக்காவிட்டாலும், செவிப் பயிற்சிக்கு அதுவே போதும். தினமும் பத்து நிமிடம் கேட்டு, கேட்டதில் நான்கு கட்டுகளையாவது எழுதிப் பார்ப்பவர் இசையைப் படிக்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.