நீரிணைக் கரையில் வளர்ந்த படக்கலை

கலைகள் ஏட்டின் வழியாகவும் பரவும். கையின் வழியாகவும் பரவும். இலக்கணமும் மருத்துவமும் ஏடுகளில் எழுதப்பெற்று வழிவழி வந்தன. சிற்பமும் தச்சும் நட்டுவாங்கமும் ஆசிரியன் கையை மாணாக்கன் கண் பின்தொடர்ந்தமையால் நிலைத்தன. திரைப்படமோ மேல்நாட்டார் கண்ட கருவிக்கலை. கருவியின்றேல் அக்கலையும் இல்லை. ஆகவே கருவியின் இயல்பை நூலிற் படித்தறிந்தால் கலை தானே கைவரும் எனப் பலர் எண்ணுவர். மலாய்த் திரைப்படம் வளர்ந்த வரலாறு இவ்வெண்ணத்திற்கு மாறானது. அங்கே படக்கலை கைவழியாகவே வந்தது. வந்த கைகளுள் சில தென்னாட்டுக் கைகள்.

அவ்வரலாறு பெரும்பாலும் நிகழ்ந்த இடம் ஜொகூர் நீரிணைக்குத் தெற்கேயுள்ள சிங்கப்பூர்த் தீவு. 1924 ஆம் ஆண்டில் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பெற்றபின் ஜொகூர் பாருவில் வாழ்வோர்க்கு அத்தீவு அடுத்த ஊர் போலாயிற்று. ஆட்சிமுறை எவ்வாறு மாறினும் இரு கரையினரும் ஒரே படங்களைக் கண்டு களித்தனர். இன்று ஜொகூரில் குறும்படம் எடுக்க முற்படும் தமிழ் மாணவர்க்கும், அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்க்கும் இது வெறும் பழங்கதையன்று. நல்லதொரு பாடத்திட்டம் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

வந்து சேர்ந்த இயக்குநர்கள்

மலாய் மொழியின் முதற் பேசும்படமாகப் பொதுவாகக் கருதப்படுவது 1934 இல் வெளிவந்த 'லைலா மஜ்னுன்' ஆகும். அதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜான்ஸ். நடித்தவர்கள் 'பங்சாவான்' எனப்படும் மலாய் நாடக மேடையினர். பின்னர் ஷா சகோதரர்கள் சீன இயக்குநர்களைக் கொண்டு சில மலாய்ப் படங்களை எடுத்தனர். சப்பானியர் படையெடுப்பு அம்முயற்சியை நிறுத்திற்று. போர் ஓய்ந்தபின் 1947 இல் ராஜான்ஸே மீண்டும் இயக்குநராக அமர்ந்தார். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் இருந்த 'மலாய் பிலிம் புரொடக்ஷன்ஸ்' நிலையம், 1967 இல் மூடப்படும் வரையில் 150க்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிற்று.

ராஜான்ஸைத் தொடர்ந்து வேறு பலரும் அங்கே பணிபுரிந்தனர். எல். கிருஷ்ணன் சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். எஸ். இராமநாதனும் கே. எம். பாஸ்கரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பனி மஜும்தார் வங்காளத்தவர். பி. என். ராவ் தமிழ்ப் படவுலகம் நன்கறிந்தவர். 'ரம்பையின் காதல்' (1939), 'சாலிவாஹனன்' (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியபின் சிங்கப்பூர் வந்து, 1957 இல் புகழ்பெற்ற 'பொந்தியானாக்' என்னும் பேய்ப் படத்தை எடுத்தார்.

இவர்களுட் பலர்க்கு மலாய் மொழி நன்கு தெரியாது. இந்திய முறையில் அமைந்த கதைகளும் உரையாடல்களும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடிகர்களை அடைந்தன. மலாய் உடையில் இந்தியக் கதை நடமாடுகின்றது என்று குறைகூறினோர் இருந்தனர். அக்குறையில் உண்மையும் இருந்தது. மண்ணின் மக்களே தம் கதையை இயக்க வேண்டும் என்னும் குரல் 1950களில் வலுத்தது இயல்பே.

ஆயினும் மொழியறியாமை ஒரு நன்மையும் செய்தது எனக் கருத இடமுண்டு. தமிழ்ப் படவுலகிலேயே இதற்குச் சான்று உளது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாமலே 'சதி லீலாவதி' (1936), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) முதலிய படங்களை இயக்கினார். நாடக மேடையின் நேரெதிரே காமிராவை நிறுத்திவைக்கும் வழக்கத்தை மாற்றி, அதனை நகரச் செய்தவர்களுள் அவர் குறிப்பிடத்தக்கவர். சொல்லை நம்ப இயலாதவன் காட்சியை நம்பியே தீரல் வேண்டும். மாணவர் படங்களிற் பெரும்பாலன பேச்சு மிகுந்தும் காட்சி குறைந்தும் இருக்கக் காண்கின்றோம். உரையாடலை ஒலியின்றி ஓடவிட்டுப் பார்த்தால் கதை விளங்குகின்றதா என்று சோதிப்பது அவர்க்கு முதற் பயிற்சியாகும்.

ஏணியின் படிகள்

படநிலையத்தின் உண்மைச் சிறப்பு அதன் கட்டடத்தில் இல்லை. அங்கே அமைந்திருந்த ஏணியில் இருந்தது. பி. ரம்லியின் வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். 1929 இல் பினாங்கிற் பிறந்த அவரை 1948 இல் ராஜான்ஸ் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தார். அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' என்னும் படத்தில் அவர் கதாநாயகர் அல்லர். கதாநாயகருக்குப் பின்னணி பாடியவர். இடையிடையே காமிராவுக்குப் பின்னால் நின்றும் உதவி புரிந்தார். 1950 இல் எல். கிருஷ்ணன் தாம் இயக்கிய 'பக்தி' என்னும் படத்தில் அவரைக் கதாநாயகர் ஆக்கினார். 1955 இல் 'பெனாரிக் பெச்சா' என்னும் படத்தை ரம்லி தாமே இயக்கினார். பாடகர் இயக்குநர் ஆவதற்கு ஏழாண்டு சென்றது. அவ்வேழாண்டும் அவர்க்குப் பள்ளி.

மற்றோர் ஏணி 1953 இல் எழுந்த 'கேத்தே கிரிஸ்' நிலையத்தில் இருந்தது. லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து அமைத்த நிலையம் அது. அங்கே படத்தொகுப்பு அறையில் பணியாற்றியவர் உசேன் ஹனிப். பிறர் எடுத்த படச்சுருள்களை வெட்டியும் ஒட்டியும் பழகிய அவர், 1961 இல் 'ஹங் ஜெபாட்' என்னும் படத்தை இயக்கினார். 1962 இல் 'டாங் அனோம்' வந்தது. 1966 இல் இளவயதிலேயே அவர் மறைந்தார். எனினும் மலாய்ப் படவுலகின் தலைசிறந்த இயக்குநர் சிலருள் ஒருவராக இன்றும் மதிக்கப்படுகின்றார்.

வெட்டி ஒட்டியவன் எவ்வளவு எடுத்தால் போதும், எது இல்லாவிட்டால் காட்சி நில்லாது என்பதை அறிவான். ஆதலால் மாணவனிடம் முதலில் காமிராவைத் தருவதினும், பிறர் எடுத்த ஐம்பது துண்டுகளைத் தந்து ஒரு காட்சியைக் கோத்து வரச் சொல்வது மேல். அடுத்த படத்தை அவன் எடுக்கும்போது அவ்வறிவு அவனுக்குக் கைகொடுக்கும்.

கோத்தா திங்கிக் கதை

ஜொகூர் மாணவர்க்கு அயலிற் சென்று கதை தேட வேண்டுவதில்லை. 1699 ஆம் ஆண்டில் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூது ஷா பல்லக்கில் ஏந்திச் செல்லப்படுகையில் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. கொன்றவர் மெகாட் ஸ்ரீ ராமா என்னும் படைத்தலைவர். அவர் கருவுற்ற மனைவி அரசர்க்குரிய பலாச்சுளை ஒன்றை உண்டாள் என்பதற்காகக் கொடுந்தண்டனை அடைந்தாள்; அதற்குப் பழிவாங்கவே அவர் அரசரைக் கொன்றார் என்பர். மலாக்கா அரசமரபு அத்துடன் அற்றது. சுல்தானின் அடக்கத்தலம் கோத்தா திங்கியில் இன்றும் உளது. கே. எம். பாஸ்கர் இக்கதையை 'சுல்தான் மஹ்மூது மங்காட் டிஜூலாங்' என்ற பெயரில் கேத்தே கிரிஸ் நிலையத்திற்காக 1961 இல் படமாக்கினார்.

இக்கதையின் உச்சநிலையை ஒரு மாணவர் குழு உரையாடலே இன்றி எடுக்க முயல்கின்றது என்று கொள்வோம். முதலாவது, இடத்தைக் காட்டும் தொலைக்காட்சி: தெருவும் ஊர்வலமும் தெரிதல் வேண்டும். இரண்டாவது, காத்திருக்கும் படைத்தலைவரின் இடைநிலைக் காட்சி. மூன்றாவது, கிரிஸ் வாளைப் பற்றிய கையின் அண்மைக் காட்சி. நான்காவது, ஏதும் அறியாத அரசரின் முகம். இந்நான்கும் முறையாக அமைந்தால் குத்துவதைக் காட்டவும் வேண்டா. பல்லக்கு சாய்வது ஒன்றே போதும்.

இங்கே ஒரு விதி உணரற்பாலது. ஊர்வலம் இடமிருந்து வலமாகச் செல்லுமாயின், அரசரையும் படைத்தலைவரையும் இணைக்கும் ஒரு கோட்டைத் தரையிற் கற்பனை செய்து, காமிரா அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்றல் வேண்டும். கோட்டைத் தாண்டி மறுபக்கம் சென்று எடுத்தால் ஊர்வலம் வந்த வழியே திரும்புவது போலத் தோன்றும். எதிரெதிர் நிற்போர் ஒரே திசையை நோக்குவர். மாணவர் படங்களில் பார்ப்போரைக் குழப்பும் பிழைகளுள் இது முதன்மையானது.

அன்றைய நிலையங்களில் ஒழுங்கைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் செலவு. 35 மில்லிமீட்டர் படச்சுருள் வினாடிக்கு 24 படங்கள் வீதம் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீணான ஒவ்வோர் அடியும் பணம். எனவே ஒத்திகை முடியாமல் காமிரா ஓடாது. இன்று நினைவட்டையில் செலவின்றி எடுக்கலாம்; ஆதலின் எண்ணாமலே எடுத்துக் குவிக்கின்றனர். ஒரு காட்சித்துண்டுக்கு மூன்று முறைக்கு மேல் எடுப்பதில்லை என்று குழு தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொள்ளுமாயின், பழைய ஆசிரியர் மீண்டும் வகுப்புக்கு வந்தவராவார்.

வெயிலும் ஓசையும்

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே உள்ளது. நண்பகலில் கதிரவன் தலைக்குமேல் நிற்பதால் நடிப்போர் கண்குழிகளில் கருநிழல் விழும். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையாலோ வெள்ளைத் துணியாலோ ஒளியை முகத்தின்மீது திருப்புவது படப்பிடிப்பினர் கையாளும் எளிய மருந்து. அதனினும் எளியது, முற்பகலிலும் சாய்ந்த மாலையிலும் எடுத்து, நண்பகலை நிழலிடக் காட்சிகளுக்கு ஒதுக்குவது. இந்நிலப்பகுதியில் அந்தி நீடிப்பதில்லை. ஆதலின் அந்திக் காட்சிக்கு ஒத்திகை முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மெர்சிங் முதலிய கீழைக் கரையூர்களில் மழை மிகும். வானம் மாறுமுன் தொலைக்காட்சிகளை எடுத்துக்கொண்டு, முகக் காட்சிகளைப் பின்னர் எடுப்பது அறிவுடைமை.

ஓசையிலும் ஒழுங்கு உண்டு. படத்தையும் ஒலியையும் தனித்தனியே பதிந்த காலத்தில், இரண்டையும் பொருத்துவதற்கே 'கிளாப்' பலகை தட்டப்பட்டது. பலகை மூடும் படமும் அது எழுப்பும் ஓசையும் ஒரே கணத்தில் நிற்குமாறு வைத்தால் மற்றவை தாமே பொருந்தும். தனி ஒலிவாங்கி கொண்டு பதியும் மாணவர்க்கு இன்றும் அது வேண்டும். பலகை இல்லையேல் கைதட்டலே போதும். தகரக் கூரைமேல் மழையும் தோட்டத்துச் சில்வண்டும் உரையாடலை விழுங்கும். ஆகவே ஒலிவாங்கி பேசுவோர்க்கு அருகில் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாத அரை நிமிட ஓசையைத் தனியே பதிந்துகொள்வதும் நன்று. தொகுப்பில் இடைவெளி நிரப்ப அது உதவும்.

அறுந்த தொடர்

இத்தகைய பள்ளி ஏன் மறைந்தது? தொலைக்காட்சி 1963 இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொடங்கிற்று. இந்தோனேசியாவுடன் அதே ஆண்டில் மூண்ட பூசல் அந்நாட்டுச் சந்தையை அடைத்தது. வண்ணப்படங்கள் அயல்நாடுகளிலிருந்து வந்து குவிந்தன. 'பூலோ பெரிண்டு' 1953 இலும் 'ஹங் துவா' 1956 இலும் வண்ணத்தில் வந்திருந்தும், பெரும்பாலான மலாய்ப் படங்கள் கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. ரம்லி 1964 இல் கோலாலம்பூருக்குச் சென்றார். எல். கிருஷ்ணன் தோற்றுவிக்க உதவிய மெர்டேகா நிலையத்தில் அவர் இயக்கிய 18 படங்களும் கறுப்பு வெள்ளையே. 1973 இல் அவர் மறைந்தார். ஜாலான் அம்பாஸ் முன்னரே மூடப்பட்டிருந்தது. கேத்தே கிரிஸ் நிலையமும் 1970களின் தொடக்கத்தில் பட உருவாக்கத்தை நிறுத்திற்று.

கட்டடம் மூடியது பெரிதன்று. உதவியாளன் தொகுப்பாளனாகி, தொகுப்பாளன் இயக்குநனாகும் ஏணி சாய்ந்ததே பேரிழப்பு. கட்டடம் பின்னர் வந்தது. ஜொகூரின் நூசாஜெயாவில், இன்று இஸ்கந்தர் புத்திரி எனப்படும் பகுதியில், பைன்வுட் பெயரோடு பெரிய படநிலையம் ஒன்று எழுந்தது. மொத்தம் 1,00,000 சதுர அடிப் பரப்புள்ள ஐந்து படப்பிடிப்புக் கூடங்கள் அதில் அமைந்தன. 'மார்கோ போலோ' என்னும் அமெரிக்கத் தொடர் 2014 இல் அங்கே எடுக்கப்பெற்றது. பைன்வுட் உறவு 2019 இல் முடிவுற்றது. கூடம் எத்துணைப் பெரிதாயினும், கற்போனைக் கைபிடித்து ஏற்றும் படிகள் இல்லையேல் அது பள்ளியாகாது.

மறுபுறம், 2015 இல் வெளிவந்த 'ஜகாட்' என்னும் மலேசியத் தமிழ்ப் படத்தைச் சஞ்சய் குமார் பெருமாள் குறைந்த பொருட்செலவில் எடுத்தார். 2016 இல் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. பெரிய கூடம் இன்றியும் இந்நாட்டுத் தமிழர் கதையைத் திரைக்குக் கொணரலாம் என்பதற்கு அது சான்று.

ஏணியை மீண்டும் நிறுத்தப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தமிழாசிரியர் ஒருவர் பத்து மாணவரைச் சேர்த்து, முதற் படத்தில் பலகை தட்டியவன் அடுத்ததில் ஒலிபதியவும், ஒலிபதிந்தவன் அதற்கடுத்ததில் தொகுக்கவும், தொகுத்தவன் பின்னர் இயக்கவும் முறைவைத்தால் போதும். நான்கு படங்கள் முடிவதற்குள் அக்குழுவில் இயக்கவும் பிறர்க்குக் கற்பிக்கவும் தெரிந்த ஒருவனாவது இருப்பான். ராஜான்ஸ் ரம்லியை அழைத்து வந்த நாளில் நிகழ்ந்ததும் இத்தகையதோர் தொடக்கமே.