வாருஸ் குத்திய முத்திரை

காசு பிறந்தது லுக்துனுமில். இன்றைய பிரான்சின் லியோன் நகரம். கி.மு. முதல் நூற்றாண்டு முடியும் தறுவாயில், அங்கிருந்த நாணயச்சாலையில் 'ஆஸ்' என்னும் செப்புக் காசுகளை ஏராளமாக அடித்தார்கள். ஒரு பக்கம் வாகை சூடிய ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் அந்த ஊரின் பெரிய பலிபீடம், அதன் கீழே 'ரோமுக்கும் அகஸ்டஸுக்கும்' என்று லத்தீனில் சுருக்க எழுத்து. அதே ஊரில் அச்சான அகஸ்டஸின் வெள்ளிக் காசுகள் கடல் வாணிகத்தில் கொங்கு நாடுவரை வந்து சேர்ந்தன. செப்புக் காசின் வழி வேறு. அது வடக்கே, ரைன் நதிக்கரைப் பாசறைகளுக்குப் போனது.

அங்கே அது படைவீரனின் அன்றாடச் செலவுக் காசு. 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளித் தெனாரியஸ். சாதாரண வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 ஆஸ்.

கி.பி. 7-இல் ஜெர்மானியாவின் ஆளுநராக வந்தார் பப்லியஸ் குவின்டிலியஸ் வாருஸ். புழக்கத்தில் இருந்த இந்தக் காசுகளின் மேல் அவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் குத்தினார்கள். ஒன்றின் கோட்டை அடுத்தது பகிர்ந்துகொள்ளும்படி மூன்றும் ஒட்டியிருக்கும்; சுற்றிலும் சின்னஞ்சிறு நீள்சதுரக் குழி. ஓங்கி அடித்த அடியில், மறுபக்கம் நேர் எதிரே உள்ள உருவம் நசுங்கியிருப்பதும் உண்டு. வீரர்களுக்கு ஆளுநர் வழங்கிய அன்பளிப்பின் அடையாளம் இந்த மேல்முத்திரை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பேரரசரின் முகம் இருந்த காசில் கொடுத்தவரின் பெயரும் ஏறிக்கொண்டது.

கி.பி. 9-இல் அர்மினியஸ் தலைமையில் ஜெர்மானியக் குடிகள் காட்டுவழியில் மடக்கித் தாக்க, வாருஸின் 17, 18, 19 எண் கொண்ட மூன்று லெஜியன் படைப்பிரிவுகளும் அழிந்தன. வாருஸ் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அந்த மூன்று எண்களையும் ரோம் மறுபடி எந்தப் படைக்கும் வைக்கவில்லை.

போர் நடந்த இடம் எது என்ற கேள்வி நூற்றாண்டுகளாக நீடித்தது. அப்பகுதியில் கிடைத்த காசுகளைக் கொண்டு, ஓஸ்னாப்ரூக் அருகிலுள்ள பாரெனாவ் வட்டாரத்தை 1885-இல் வரலாற்றாசிரியர் தியோடோர் மாம்சென் சுட்டினார். 1987-இல் அதே வட்டாரத்துக் கல்க்ரீஸில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி கிளன் உலோகம் காட்டும் கருவியோடு தேடி, வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார். பின்னர் நடந்த அகழாய்வில் வாருஸின் முத்திரை தாங்கிய செப்புக் காசுகள் வெளிவந்தன. முத்திரை இருப்பதால் அவை கி.பி. 7-க்கு முன் அங்கே போயிருக்க முடியாது. கி.பி. 10-க்குப் பிறகு லுக்துனுமில் வந்த புதிய வரிசைக் காசுகளோ அங்கே இல்லை. ஆண்டு இப்படி நெருங்கி வந்தது. மாறுபட்டு வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனால் அவர்களும் இந்த முத்திரைக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மேல்முத்திரை விழுந்த காசைக் கெட்டுப்போன காசு என்று ஒதுக்குவது பெரும் பிழை. அச்சு, காசு பிறந்த இடத்தைச் சொல்கிறது. முத்திரை, அது யார் கையில் எப்போது இருந்தது என்று சொல்கிறது. புதைந்த மண், அதன் பயணம் எங்கே நின்றது என்று சொல்கிறது. கிடைத்த இடத்தைக் குறிக்காமல் தோண்டி விற்கும் ஒவ்வொரு காசிலும் இந்த மூன்றாவது சாட்சி அழிந்துபோகிறது. கல்க்ரீஸில் மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததால்தான், பத்துக் கிராம் அளவே உள்ள செம்பு ஒரு பேரரசின் தோல்விக்கு ஆண்டு குறிக்க முடிந்தது.