எடுக்கிற கல்லும் விடுற கல்லும்

நடவு முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் ஓய்வு. போன மாசம் ஒருத்தர் வந்து, என் நிலத்து மூலையில் இருக்கிற பாறையைக் குத்தகைக்குக் கேட்டார். ஜல்லி உடைக்கவாம். அன்னையிலிருந்து எனக்குக் கல்லு நினைப்புதான்.

எங்க ஊர் பனமலை. ஏரிக்குப் பக்கத்துல குன்று, அதன் மேல தாளகிரீஸ்வரர் கோயில். சுமார் 1,300 வருஷத்துக்கு முன்னால் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டினதுதான். அவனுக்கும் 100 வருஷம் முந்தி மகேந்திரவர்மன், பக்கத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாகக் கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

அப்போ வெடி ஏது? உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, கல் எந்த வாக்கில் பிளக்குமோ அந்த வாக்கில் பிளந்தார்கள். மாமல்லபுரம் போனால் அந்தக் குழி வரிசையைப் பாறையில் இன்னும் பார்க்கலாம்.

"தாத்தா, இது எரிமலைக் கல்லா?"ன்னு பேத்தி கேட்டாள். இல்லை. நம்ம செஞ்சி வட்டாரக் கல், குழம்பாக இருந்து பூமிக்கு அடியிலேயே மெதுவாக ஆறி இறுகினது. அதனாலதான் உடைச்சா மணிமணியாகத் தெரியுது. எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து இறுகின கல் மகாராஷ்டிரத்தில் இருக்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் நம்ம செஞ்சியும் ஒண்ணு. ராய்கட் மாதிரி மற்ற கோட்டைகள் பலதும் அந்த எரிமலைக் கல் மேலதான் நிக்குது.

எல்லோரா கைலாசர் கோயிலும் அதே கல். 8-ம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்து வேலை. மலை மேலிருந்து மூணு பக்கமும் அகழி மாதிரி வெட்டி இறங்கி, நடுவில் நின்ற பாறையையே கோயிலாக்கினார்கள். சிகரம் எங்கே, தூண் எங்கேன்னு முதல் உளி படும்போதே தெரிஞ்சிருக்கணும். ஒரு முழம் கூட வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதே. எதை விடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க.

இப்பவும் சட்டத்தில் திட்டம் உண்டு. 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும். குழியைப் படிபடியாக இறக்கணும். பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் விடணும். குடியிருப்புக்கு 300 மீட்டர் தள்ளி இருக்கணும்.

வந்தவரிடம் கேட்டேன்: "எத்தனை அடி ஆழம் போவீங்க? என் கிணறு 60 அடி. மழை பெஞ்சா பாறையில வழியற தண்ணிதான் அதுக்கு வருது. வேலை முடிஞ்சப்புறம் குழி என்னாகும்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ண்ணே. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

பொய் சொல்லக் கூடாது, கடன் இருக்கு. அந்தக் காசு எனக்கு உதவும். ஆனாலும் திட்டத்தை வரைபடத்தோட கொண்டாங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். இன்னும் வரலை.

நேத்து சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கிட்டு குன்று மேல ஏறினேன். அங்கிருந்து பார்த்தா எங்க பாறை ஒரு எருமை படுத்திருக்கிற மாதிரி தெரிஞ்சுது. "அதையா கேட்டாங்க?"ன்னாள். ஆமாம்னேன்.