முதல் முறையா நெடுந்தூர ட்ரெக்கிங் போறீங்களா? அகத்தியர்கூடம் கிளம்பும் முன் இதைப் படிங்க!

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் வீடியோக்களை யூடியூபில் வரிசையாகப் பார்த்தாச்சு. முதுகில் மாட்டும் பெரிய பேக்கும் வாங்கியாச்சு. மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நாலு ரவுண்டு நடந்தும் பார்த்தாச்சு. அடுத்து எங்கே போவது? தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வார நாளில் ஐடி வேலை, வார இறுதியில் மலை என்று இருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பதில் கொஞ்சம் சிக்கலானது.

'த்ரூ ஹைக்' என்றால் என்ன?

ஒரு நீண்ட பாதையைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை, நடுவில் வீடு திரும்பாமல் ஒரே மூச்சில் நடந்து முடிப்பதுதான் த்ரூ ஹைக். அப்பலாச்சியன் பாதையின் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது. நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். முழுசாக நடக்கணும்னு கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் கடைசி வரை போய்ச் சேர்கிறார். மற்றவர்கள் கால் வலி, காயம், பணம் தீர்ந்துபோவது, தனிமை என ஏதோ ஒரு காரணத்தால் பாதியில் திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே அப்படி ஒரு பாதை இருக்கா?

தமிழ்நாட்டில் இல்லை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் டென்ட் அடித்துத் தூங்க முடியாது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். முதல் அனுபவத்துக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் அவை ஒரே நாளில் போய்த் திரும்பும் வகையில் அமைந்தவை.

காட்டுக்குள்ளேயே தங்கி, மூன்று நாள் நடக்கணும் என்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது பொதிகை மலையின் அகத்தியர்கூடம்.

எப்படி இருக்கும் அந்த மூன்று நாள்?

சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தொட்டபெட்டாவை விடக் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். தொட்டபெட்டாவுக்கு வண்டியிலேயே போய்விடலாம், இங்கே அடிவாரத்தில் இருந்து முழுக்கக் கால்தான். மலை தமிழ்நாடு-கேரள எல்லையில் இருந்தாலும், இப்போது மலையேற்றத்தை நடத்துவது கேரள வனத்துறை. திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக சுமார் 60 கிலோமீட்டர் போனால் போணக்காடு வரும். நடை அங்கேதான் ஆரம்பம்.

முதல் நாள் இலக்கு அதிருமலை முகாம். அது சுமார் 15 கிலோமீட்டர். ஆற்றுப் பாறைகளைக் கடந்து, காட்டுக்குள் போய், பிறகு நிழலே இல்லாத புல்வெளிக்கு வருவீர்கள். அதன்பின் ஏற்றம். ஒரு ஏற்றத்துக்கு ஏழுமடக்கன்தேரி என்று பெயர். இன்னொன்றுக்கு முட்டிடிச்சான்தேரி. பெயரைச் சொன்னாலே போதும், தமிழ் ஆளுக்கு விளக்கம் தேவைப்படாது. இரண்டாம் நாள் பொங்கலப்பாறை வழியாக உச்சிக்கு. கடைசிப் பகுதியில் செங்குத்துப் பாறையில் கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். அன்றே இறங்கி முகாமில் தூக்கம், மூன்றாம் நாள் போணக்காட்டுக்குத் திரும்பல். போக வர மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர்.

வழிநெடுக யானைகள் நடமாட்டம் உண்டு. ஈரம் இருந்தால் அட்டையும் உண்டு. அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் வராது. உங்களைத் தூக்கிக்கொண்டு யாராவது நடந்துதான் இறங்கணும். அனுமதிக்கு மருத்துவரின் உடல்தகுதிச் சான்று கேட்பது இதனால்தான். அதைச் சும்மா ஒரு பேப்பர் என்று நினைத்து, தெரிந்த டாக்டரிடம் பார்க்காமலே கையெழுத்து வாங்குவது உங்களை மட்டுமல்ல, கூட வருகிறவர்களையும் சிக்கலில் விடும்.

வழி காட்டுவது காணி பழங்குடி மக்கள். 1987இல் இந்த மலைக்கு ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, கூட வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டு அலுப்பே இல்லாமல் நடந்தார்களாம். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதில் இருந்து பிறகு 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு தரப்பட்டது. அதற்காக நீங்கள் வழியில் கண்ட செடியைப் பறித்துத் தின்ன வேண்டாம்!

பெண்கள் போகலாமா?

போகலாம். 2018 வரை உச்சிக்குச் செல்லப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல், முதல் குழுவில் ஏறி உச்சியைத் தொட்டார்.

அனுமதி எதுக்கு இவ்வளவு முக்கியம்?

குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. ஒன்று சென்னையில் இருந்து போன குழு, அதில் பெண்கள் அதிகம். காய்ந்த புல் சரிவில் தீ, காற்றோடு மேல்நோக்கி ஓடியது. மொத்தம் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பாதைக்கு அவர்களுக்கு அனுமதி இல்லை என்றது வனத்துறை.

சரிவில் தீ மனிதனை விட வேகமாக ஏறும். மேல்நோக்கி ஓடினால் அது துரத்திப் பிடித்துவிடும். புல்லே இல்லாத வெறும் பாறை, ஏற்கனவே எரிந்து கருகிய இடம், ஓடை ஆகியவைதான் ஓரளவு பாதுகாப்பு. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ அபாயக் காலம், அப்போது ட்ரெக்கிங் கிடையாது. அந்த நாட்களில் யாராவது "ரகசிய பாதை, கம்மி விலை" என்று வாட்ஸ்அப்பில் அழைத்தால், பதிலே போடாமல் விட்டுவிடுங்கள்.

மாடம்பாக்கத்தில் இருந்தே எப்படித் தயாராவது?

நம்ம ஏரியா தட்டையானது, அதுதான் பிரச்சினை. ஏரியைச் சுற்றி நடப்பது மூச்சுக்குப் பயிற்சி, முட்டிக்கு இல்லை. முட்டிக்குப் படிக்கட்டு வேணும். திருநீர்மலை பக்கத்திலேயே இருக்கு. ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பையில் ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாலு போட்டு ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறுவதை விட இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். இரண்டு மாதமாவது இப்படிப் பழக வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் நடந்து பார்ப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் முதல் நாள் யார் வேணாலும் நடந்துடுவாங்க. அலுத்த உடம்போடு மறுநாள் காலை எழுந்து ஷூ மாட்டுவதுதான் கஷ்டம்.

புது ஷூ வேண்டவே வேண்டாம். அரை சைஸ் பெரிசாக வாங்கி, ஒரு மாதம் போட்டுப் பழகுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கும், நகமே கழன்றுவிடும். மாற்று சாக்ஸ், ஓஆர்எஸ் பாக்கெட், டார்ச், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு போதும். பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்கள் எதற்கும் அங்கே அனுமதி இல்லை.

காடு வேண்டாம், நீளம்தான் வேண்டும் என்றால்?

இலங்கை மலையகத்தில் 'பெக்கோ டிரெயில்' இருக்கு. கண்டி பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். பெரும்பாலும் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகள். தோட்டங்களில் தமிழிலேயே வழி கேட்கலாம். ஊர்களில் தங்கித் தங்கி நடக்கலாம் என்பதால் டென்ட் சுமையும் இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் உண்டு என்பதால், எந்தக் கட்டம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே டிக்கெட் போட வேண்டும்.

அகத்தியர்கூடம் சீசன் பொதுவாக ஜனவரியில் தொடங்கும். பதிவு கேரள வனத்துறை இணையதளத்தில் செய்யலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருப்பதால், இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். தாம்பரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இருக்கு. அனுமதி கைக்கு வந்தபிறகு ரயில் டிக்கெட் போடுங்கள்.