எண்ணெய்க் கிணற்றில் ஆசிட்: ஒரு சிறு வரலாறு

மீஞ்சூர்ப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆசிட் பாட்டில் புதிதல்ல. போர் தண்ணீர் பட்டுப் பட்டுக் குளியலறைத் தரையில் வெள்ளையாகப் படிகிற உப்பை வேறெதுவும் அசைக்காது. கொஞ்சம் ஆசிட் விட்டால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்தப் படிவில் பெரும்பகுதி சுண்ணாம்பு. நுரைப்பது கார்பன் டை ஆக்சைடு. இதே வேலையைப் பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் செய்வதுதான் எண்ணெய்க் கிணறுகளுக்கான அமிலச் சிகிச்சை.

2017இல் நெடுவாசல் போராட்டம் நடந்தபோது நடைப்பயிற்சி நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டெல்டாவில் பூமிக்குள் ஆசிட் ஊற்றுகிறார்களாமே, உண்மையா சார்?" மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பதிலும் விளங்கும்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. ஈரமான செங்கல்லில் தண்ணீர் இருப்பதுபோலப் பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. சுற்றிலுமிருந்து அது கிணற்றை நோக்கி ஊர்ந்து வரவேண்டும். நம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகுண்ட ஏகாதசியன்று பாருங்கள். தெருவில் கூட்டம் தாராளமாக நகரும். வாசலை நெருங்கும் கடைசிப் பத்தடியில்தான் நெரிசல். கிணற்றிலும் அப்படித்தான். கடைசிச் சில அடிகளில் துளைகள் அடைத்துக்கொண்டால், பின்னால் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் வந்து சேராது. கிணறு தோண்டும்போது பயன்படுத்திய சேறு, பிறகு படியும் சுண்ணாம்பு என்று அடைப்பதற்கு ஆயிரம் காரணங்கள். ஆசிட்டின் வேலை அந்த வாசலை அகலப்படுத்துவது.

இதை முதலில் செய்து பார்த்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 1895 வாக்கில். லைமா என்ற ஊர் சுத்திகரிப்பு ஆலையோடு தொடர்புடைய ஹெர்மன் ஃபிராஷ் என்ற ஜெர்மானிய வம்சாவளி வேதியியலாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெந்நீரைச் செலுத்தி மண்ணுக்கடியிலிருந்து கந்தகத்தை உருக்கி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் இவரே. சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இறக்கினார். பலன் கிடைத்தது. ஆனால் பாறையைக் கரைக்கிற ஆசிட் இரும்புக் குழாயை விட்டுவைக்குமா? பொன்னேரி சாலையில் போகும் ஆசிட் லாரிகளின் டாங்கிக்கு உள்ளே ரப்பர் பூசியிருப்பது எதற்காக? இந்த ஒரு தொல்லையால் முறை கைவிடப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கிடப்பில் கிடந்தது.

மறுபடி உயிர் வந்தது 1932 பிப்ரவரியில், மிச்சிகன் மாநிலத்தில். ப்யூர் ஆயில் கம்பெனிக்கு அங்கே சுண்ணாம்புப் பாறையில் கிணறுகள். பக்கத்திலேயே டௌ கெமிக்கல். எண்ணெய் வராமல் செத்துக் கிடந்த ஒரு கிணற்றில் சுமார் 500 காலன், அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர் ஆசிட்டை இறக்கினார்கள். இந்த முறை அதில் ஆர்சனிக் சேர்மம் ஒன்றைக் கலந்திருந்தார்கள். அது இரும்பின்மேல் படிந்து ஆசிட்டைத் தடுத்தது. பாறைக்குத் தடையில்லை. செத்த கிணறு நாளொன்றுக்கு 16 பீப்பாய் எண்ணெய் தந்தது. இன்றைய கணக்கில் அது அற்பம், ஆனால் அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் பெரிய செய்தி. அந்த ஆண்டே டௌ இதற்கென்று டௌவெல் என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கிவிட்டது.

ஆர்சனிக் என்பது பாஷாணம். கிணற்றில் இறக்கியது கொஞ்சமாவது எண்ணெயோடு திரும்பி வரும். அது மனிதருக்கு நஞ்சு மட்டுமல்ல, சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிகளையும் கெடுத்தது. அதனால் பின்னாளில் கரிம வேதிப்பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன. மக்கள் உடம்புக்காக மட்டும் இந்த மாற்றம் வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மணற்கல் பாறை வேறு ரகம். அதற்கு இந்த ஆசிட் போதாது. கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்க்கவேண்டும். 'மட் ஆசிட்' என்ற பெயரில் இந்தக் கலவை 1940இல் சந்தைக்கு வந்தது. 12 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக், 3 விழுக்காடு ஹைட்ரோஃப்ளோரிக் என்பது வழக்கமான அளவு. ஆய்வகத்தில் ஹைட்ரோஃப்ளோரிக் பாட்டிலை எடுக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே எலும்புவரை போகக்கூடியது அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் கப்பல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டது. அங்கே முக்கியமான எண்ணெய்ப் படிவம் சுண்ணாம்புப் பாறை. எனவே அமிலச் சிகிச்சை அங்கே வாடிக்கையான வேலை. காவேரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. முதல் கிணறு தோண்டியது 1964இல். நரிமணம் எண்ணெய் கிடைத்தது 1985இல். அங்கே பெரும்பாலும் மணற்கல்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 15 விழுக்காடு ஆசிட் ஆயிரம் லிட்டர் இருந்தால் சுமார் 220 கிலோ சுண்ணாம்புப் பாறை கரையும். பத்தாயிரம் லிட்டர் டாங்கர் ஒன்று ஏறக்குறைய 2.2 டன் பாறையைத் தின்னும். தின்று முடித்ததும் ஆசிட் ஆசிட்டாக இருக்காது. கால்சியம் குளோரைடு கலந்த உப்புத் தண்ணீராகிவிடும். கிணற்றுக்குத் திரும்பி வருவதில் மிச்ச ஆசிட் இருந்தால் சோடா உப்புப் போட்டுச் சமன் செய்யவேண்டும். பாறையைப் பிளக்காத அழுத்தத்தில் ஆசிட் செலுத்துவது ஒரு முறை. பிளக்கும் அழுத்தத்தில் செலுத்துவது இன்னொரு முறை. ஷேல் பாறையை உடைக்கப் பெருமளவு தண்ணீரும் மணலும் செலுத்தும் 'ஃபிராக்கிங்' இவற்றிலிருந்து வேறு. 2017இல் மேடைகளில் எல்லாம் ஒன்றாகக் கலந்து பேசப்பட்டன.

அப்படியானால் விவசாயியின் பயம் பொய்யா? இல்லை. ஆழத்தில் ஆசிட் என்ன செய்கிறது என்பதைவிட, வழியில் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. குடிநீர் இருக்கும் மண்ணடுக்கைத் தாண்டித்தான் அந்தக் குழாய் போகிறது. குழாயைச் சுற்றியுள்ள சிமென்ட் நன்றாக இருக்கிறதா? திரும்பி வந்த கழிவு எங்கே போயிற்று? இவற்றுக்கு ஊர்க்காரருக்குப் புரியும்படி பதில் சொல்லவேண்டியது தோண்டுகிறவரின் கடமை. அந்தப் பதில் கிடைக்காத இடத்தில் வதந்திதான் வளரும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை. பழையவை தொடர்கின்றன. எனவே கேள்வியும் தொடர்கிறது.

நமக்கு இது வெளியூர்க் கதையல்ல. 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பெரிய ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்தார்கள். மீஞ்சூர்த் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. என் சம்பளமும் ஒருவகையில் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்தது. வயலுக்கும் இறைத்தோம், ஆலைக்கும் இறைத்தோம். கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் நின்ற உப்புநீர், 1980களுக்குள் 9 கிலோமீட்டர்வரை உள்ளே வந்துவிட்டது. 1987இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபோது பல கிணறுகள் கரித்துவிட்டன. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

இங்கே பூமிக்குள் யாரும் ஆசிட் ஊற்றவில்லை. எடுத்தோம், அளவு பார்க்காமல் எடுத்தோம், அவ்வளவுதான். நண்பர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: ஆம், ஊற்றுகிறார்கள். அது நூற்றிருபது வருஷத்துக்கு மேற்பட்ட தொழில்நுட்பம், ஒழுங்காகச் செய்தால் கட்டுக்குள் நிற்பது. ஆனால் உள்ளே என்ன போகிறது என்று கேட்பதோடு, வெளியே எவ்வளவு வருகிறது, அதன் கணக்கு யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். நாம் அதைக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக் கிணறு எந்த வருஷம் கரித்தது, அப்போது எத்தனை அடி ஆழம் என்று நினைவிருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். நம் தலைமுறை போனால் அந்தக் கணக்கைச் சொல்ல ஆளிருக்காது. தொகுத்து வைக்கிறேன்.